மணி அடிக்காத ஒரு குண்டு

செத்துப்போனவள் பெயர் டச்சஸ். வயது மூன்று. பிரான்ஸில் கூடையைத் திறந்துவிட்டால் கடலைத் தாண்டி ஒரே மூச்சில் எங்கள் காப்லி ஊருக்கு வந்து சேர்கிறவள். நேற்று சாயங்காலம் சொந்தக் கூண்டு வாசலில் பொத்தென்று விழுந்தாள். அவள் நெஞ்சிலிருந்து எடுத்த ஈயக் குண்டு இப்போது ஒரு தீப்பெட்டிக்குள் இருக்க, தீப்பெட்டி என் உள்ளங்கையில் இருந்தது.

"புறா கொலை கேஸ் பாஸ். வெளில சொல்லிடாதீங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்றேன்.

ஹெஸ்டர் ஹிங்லி சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் லெனி. காரோட்ட, டீ வாங்க, நடுநடுவே திட்டு வாங்க அவர் வைத்திருக்கும் ஆள். சிகரெட்டை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்ததால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு மழை வேறு நசநசவென்று பெய்துகொண்டிருந்தது.

"புறாவுக்காக வரல. ஜோசிக்காக வந்திருக்கோம்," என்றார் ஹெஸ்டர்.

அது நிஜம். பஸ் டிரைவர் ரோலண்ட் ஸ்கிட்மோரும் அவர் மனைவி டெனீஸும் ஜோசி என்கிற ஏழு வயதுப் பெண்ணைத் தத்தெடுக்க இரண்டு வருஷமாக அலைகிறார்கள். எங்களைக் கூப்பிட்டது அவர்கள்தான். தத்து ஆபீஸ் அம்மா கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்க நாளைக் காலை வருகிறாள். டச்சஸை வளர்த்த பக்கத்து வீட்டு ஹோரஸ், ரோலண்ட்தான் சுட்டார் என்று இன்று போலீஸுக்குப் போனால் எல்லாம் முடிந்தது. தோட்டத்தில் ஏர் கன் சுடலாம், எங்கள் ஊரில் அதற்குத் தடை கிடையாது. ஆனால் குண்டு வேலியைத் தாண்டினால் குற்றம். குற்றம் சாட்டப்பட்ட வீட்டில் குழந்தையை யார் விடுவார்கள்?

ஹோரஸ் தன் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றார். பூட்டுத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த அழுக்குச் சட்டை. கண் சிவந்திருந்தது.

"சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். குளிச்சு, சாப்பிட்டு, டீ குடிச்சு முடிச்சதும் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ரோலண்ட்தான் சுட்டாருன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"இந்தத் தெருவுல ஏர் கன் வெச்சிருக்கறவன் அவன் ஒருத்தன். குண்டும் அவன் வாங்கற குண்டு. அந்த டப்பாவ நான் ஆயிரம் தடவ பாத்திருக்கேன்."

"சுட்ட சத்தம் கேட்டுச்சா?"

"அது இப்ப புதுசா வாங்கின சத்தமில்லாத கன்னும்மா, பழசு மாதிரி கத்தாது. அவன் குறி பாக்கற தட்டுல இருக்கற மணி மட்டும்தான் கேக்கும். எனக்கு அதுதான் கடிகாரம். அவன் டிங் டிங்னு ஆரம்பிச்சா நான் தீனி டப்பாவ எடுத்துக்கிட்டு வெளில வந்துடுவேன். நேத்தும் அப்படித்தான் வந்தேன். டிங், டிங்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரு தடவ அடிக்கல. என்னடா இதுன்னு தலைய நிமித்தறேன், இவ வந்து விழறா." நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்தார். "பதினஞ்சு வருஷப் பழக்கம். நேரா வந்து 'தெரியாம பட்டுடுச்சு'ன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். புறாவ நான் சுடவே இல்லங்கறான்."

'குதிரைலாடம்' பப்பில் ஏர் கன்னால் சுட்டு மணி அடிக்கும் போட்டி உண்டு, அதன் மணி டீமில் ரோலண்ட்தான் முதல் ஆள். இரும்புத் தட்டின் நடுவே பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். குண்டு அதற்குள் போனால் பின்னாலிருக்கும் மணி அடிக்கும். தட்டின் மேல் வெள்ளைக் களிம்பு பூசியிருப்பார்கள். ஓட்டையைத் தவறவிட்டால் எங்கே பட்டதென்று களிம்பே காட்டிக் கொடுத்துவிடும், பப்பே கைதட்டிக் கேலி செய்யும். அதே மாதிரி ஒரு தட்டை ரோலண்ட் தன் தோட்டத்தின் கோடியில், செங்கல் சுவரை ஒட்டி மாட்டியிருந்தார். மழை படாமல் இருக்க மேலே ஒரு தகரம்.

ஹெஸ்டர் குனிந்து தட்டைப் பார்த்தார். களிம்பு அப்போதுதான் வெண்ணெய் தடவின ரொட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

"நேத்து சுட்டதுக்கப்புறம் புதுசா பூசினீங்களா, ரோலண்ட்?"

"இல்ல. தொடவே இல்ல." ஆறடி ஆள், தரையைப் பார்த்துப் பேசினார். "மழைன்னு சமையலறை ஜன்னல கொஞ்சமா திறந்து அங்கேர்ந்தே சுட்டேன். ஒண்ணுகூட தப்பல. எல்லாமே மணி."

"எல்லாமே?"

"எல்லாமே."

சமையலறையில் டெனீஸ் ஒரு சின்னக் கட்டிலின் காலைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகாணி நுழைய மறுத்தது. மறுபடி மறுபடி அதையே செய்தாள். "ஹோரஸ் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க," என்றாள் எங்களைப் பார்க்காமல்.

காரில் ஏறியதும் நான் கொட்டித் தீர்த்தேன். "பாஸ், நம்ம ஆளே மாட்டிக்கிட்டாரு. ஹோரஸ் ஒரு தடவ மணி அடிக்கலங்கறாரு. தட்டுல ஒரு வடு இல்ல. மணியும் அடிக்காம தட்டுலயும் படாத குண்டு எங்க போகும்? வேலியத் தாண்டித்தான் போகும். வாங்க, வீட்டுக்குப் போயி காலை நீட்டிப் படுக்கலாம்."

"ஹோரஸ் பொய் சொல்லியிருந்தா?"

"அந்தக் கண்ண பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதனாலதான் கேக்கறேன், அந்தக் கன்ன வாங்கச் சொன்னது யாரு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?"

"பழைய கன் சுட்டா தெருவுக்கே கேக்கும். எப்ப சுட்டாரு, எப்ப நிறுத்தினாருன்னு பத்து பேரு சொல்லுவாங்க. புது கன்னுக்கு சாட்சியே இல்ல. யாரோ சாட்சிய எடுத்துட்டாங்க லெனி. யாருன்னு தெரிஞ்சாகணும். கன் விக்கற கடைக்கு விடு. நீதான் கன் வாங்க வந்த ஆளு. வாயை அளவா திற."

அளவாகத் திறக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்த வேலைக்கு வருகிறேன்?

க்ளாரிஸ் டன்னின் கடை ரயில்வே பாலத்துக்கு அடியில் இருந்தது. தூண்டில், மண்புழு, ஏர் கன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். க்ளாரிஸ் குள்ளம். கவுண்டருக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. பன்றித்தோல் வறுவலைக் கறுக் கறுக்கென்று மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தோட்டத்துல குறி பாத்து சுடணும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கவே கூடாது. நேரா போகணும்," என்றேன்.

"பக்கத்து வீட்டுல யாரு, மாமியாரா?"

"இன்னும் இல்ல. முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்."

பின்னால் இருந்த நீளமான கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். முதல் கன்னைக் கையில் திணித்தாள். சுட்டேன். 'டக்'கென்று தோளில் உதைத்தது. காதில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

"ஸ்பிரிங். மாடு மாதிரி உழைக்கும், சாகவே சாகாது. ஆனா கத்தும். உதைக்கறதால கொஞ்சம் கை அசைஞ்சாலும் குண்டு ஊர் மேயப் போயிடும். வேணாம் உனக்கு."

இரண்டாவது கொஞ்சம் மென்மையாக இருந்தது. "இதுல ஸ்பிரிங்குக்குப் பதிலா அடைச்ச காத்து. சத்தம் பாதி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம்னா இது போதும்."

மூன்றாவதை எடுக்கும்போது அவள் கை மெதுவாயிற்று. "இதுக்கு, சுடறதுக்கு முன்னாலயே பம்ப் வெச்சு காத்து ஏத்திக்கணும். ஏத்தறதுக்குள்ள உனக்கு மூச்சு வாங்கும், அது வேற கதை. குழாய் முனையில சைலன்சர். சின்ன சைஸ் குண்டு போடு, தோட்டத்துக்கு அதுதான் நேரா போகும். சுடு."

சுட்டேன். தும்மலை அடக்கின மாதிரி ஒரு 'ஃப்'. தோளில் ஒன்றுமே தெரியவில்லை. எதிரே இருந்த காகிதத்தில் நடுப்புள்ளியைக் காணோம். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

"இனிமே கேக்கறது குண்டு போயி படற சத்தம் மட்டும்தான்," என்றாள் க்ளாரிஸ். "பின்னால ஒரு மணல் மூட்டை வெச்சா அதுவும் கேக்காது. இந்த மணி டீம் கிறுக்கனுங்க இருக்கானுங்களே, அவனுங்கதான் சத்தமில்லாத கன்ன வாங்கிட்டுப் போயி மணியில அடிக்கறானுங்க."

ஹெஸ்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தக் கிறுக்கங்கள்ல ரோலண்ட் ஸ்கிட்மோரும் உண்டா?"

"இதே கன்தான் வாங்கினான். போன மாசம். ஆனா தேர்ந்தெடுத்தது அவன் இல்ல, கூட வந்தவரு. அவரு சந்துல போயி, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. ரோலண்ட் ஒவ்வொண்ணா சுடறான். அங்கேர்ந்து 'வேணாம்'ங்கறாரு. அடுத்தது. 'வேணாம்'. இத சுட்டதும் ஒரு பேச்சும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, 'சுடேன்டா, என்ன யோசனை'ங்கறாரு. சுட்டு முடிச்சாச்சுய்யான்னு கத்தினேன். சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடி வந்தாரு."

"யாரு அவரு?"

"புறாக்காரரு. ஹோரஸ்."

என் கால் ஆடுவதை நிறுத்தியது.

"அவருக்கு என்ன இதுல அக்கறை?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"பழைய கன் கத்தினா புறா கூரைய விட்டு எறங்க மாட்டேங்குதாம். தீனி டப்பாவ ஆட்டி ஆட்டி கை விட்டுப்போச்சுன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்துல வறுவல் தின்னுக்கிட்டேதான் போனாங்க."

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். "புரிஞ்சிடுச்சு பாஸ். திட்டம் போட்டிருக்காரு கிழவர். சத்தமில்லாத கன்ன அவரே வாங்க வெச்சு, அப்புறம் புறாவ அவரே..."

"சொந்த டச்சஸையா? வாயை மூடிக்கிட்டு சாவியக் குடு. நான் ஓட்டறேன்."

ஹெஸ்டர் சாவி கேட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவர் ஓட்டும்போது நான் சாமி கும்பிடுவேன், எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. பாதி வழியில் டெனீஸ் போன் செய்தாள். "ஹோரஸ் கோட்டு போட்டுட்டாரு. வாசல்ல ஷூ மாட்டிக்கிட்டிருக்காரு." சிக்னல் சிவப்பில் இருந்தது. நான் பார்த்தேன். ஹெஸ்டர் பார்க்கவில்லை.

தெருமுனையில் ஹோரஸை மறித்தோம்.

"கோட்ட கழட்ட வேணாம்," என்றார் ஹெஸ்டர் ஜன்னல் வழியாக. "உங்க தோட்டத்துல வந்து ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, போதும். தீனி டப்பாவ கையில எடுக்காதீங்க. கூரைய மட்டும் பாருங்க. அப்புறமும் ஸ்டேஷனுக்குப் போகணும்னு தோணினா நானே கொண்டு விடறேன்."

ஹோரஸ் முனகிக்கொண்டே திரும்பினார்.

ரோலண்டின் சமையலறையில் என் கையில் கன் வந்தது. ஜன்னல் நேற்று மாதிரியே ஒரு சாண் திறந்திருந்தது. "மணி அடிக்கற வரைக்கும் சுடு," என்றார் ஹெஸ்டர். ஒவ்வொரு குண்டாக அவரே எடுத்துக் கொடுத்தார்.

முதல் குண்டு தட்டின் ஓரத்தில் பட்டு வெள்ளைக் களிம்பில் கறுப்பாக ஒரு வடு போட்டது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவது எங்கோ. பின்னால் ரோலண்ட் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. தன் வீடே ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் அந்த மனுஷனுக்கு என் குறி தாங்கவில்லை.

"மூச்ச விட்டுட்டு சுடுப்பா," என்றார் அடக்கமாட்டாமல்.

மூச்சை விட்டேன். டிங்.

ஒன்றும் நடக்கவில்லை. ஹெஸ்டர் இன்னொரு குண்டு கொடுத்தார். இந்தத் தடவையும் டிங்.

தலைக்கு மேலே, கூரை ஓட்டில், நகம் உரசுகிற சத்தம் கேட்டது.

"இப்ப குண்டு போடாத. வெறும் கன்ன வெச்சு குறி மட்டும் பாரு," என்றார் ஹெஸ்டர். குண்டு டப்பாவை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கன் மேலிருந்த டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வட்டத்துக்குள் தட்டு, தட்டுக்குள் ஓட்டை. வேறு எதுவும் தெரியவில்லை. விரல் தானாக விசைக்குப் போனது. அந்த நேரத்தில் வட்டத்துக்குள் சாம்பலாக ஏதோ ஒன்று வந்தது, போனது. இமைத்தேனா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் விரல் விசையை அழுத்திவிட்டிருந்தது.

கன்னில் குண்டு இல்லை. இருந்திருந்தால் மணி அடித்திருக்காது.

தலையை வெளியே நீட்டினேன். ரோலண்டின் கூரையிலிருந்து புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தாழ்வாக, குறுக்காக, தட்டுக்கு முன்னாலேயே பறந்து, வேலியைத் தாண்டி ஹோரஸின் கூண்டு வாசலில் போய் உட்கார்ந்தன. உட்கார்ந்து ஹோரஸின் வெறும் கையைப் பார்த்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹோரஸ் அசையாமல் நின்றார்.

"நீங்க டப்பாவ ஆட்டல," என்றார் ஹெஸ்டர் தோட்டத்துக்கு வந்து. "ஆனா வந்துடுச்சுங்க. மணி உங்களுக்கு மட்டும் கடிகாரம் இல்ல ஹோரஸ். மணி அடிச்சா நீங்க தீனியோட வர்றீங்க. ஒரு மாசமா பாத்து பாத்து அதுங்களும் கத்துக்கிச்சு. பழைய கன் இருந்தவரைக்கும் அந்தச் சத்தத்துக்குப் பயந்து எறங்காம இருந்துச்சுங்க. இப்ப பயமுறுத்த ஒண்ணுமில்ல. மணி மட்டும்தான்."

பிறகு ரோலண்ட் பக்கம் திரும்பினார். "நேத்து ஒரு தடவ மணி அடிக்கல. உங்களுக்கும் தெரியும். எல்லாமே மணின்னு ஏன் பொய் சொன்னீங்க?"

ரோலண்டின் காது சிவந்துபோனது. டெனீஸ் கையில் திருப்புளியோடு வாசற்படியில் நின்றாள்.

"மணியும் அடிக்கல, தட்டுலயும் படல," என்றார் கடைசியில். "தட்டையே விட்டுட்டேன்னு நெனச்சேன். ஓட்டைய விடலாம், யாரும் விடுவாங்க. தட்டையே விட்டவன்னா... பப்புல சாகற வரைக்கும் அதுதான் என் பேரு. குண்டு பின்சுவத்துல போயிருக்கும், யாருக்குத் தெரியப் போகுதுன்னு இருந்தேன். அரை மணி கழிச்சு ஹோரஸ் புறாவ கையில ஏந்திக்கிட்டு வந்தாரு. அப்ப ஒத்துக்கிட்டா கொலையும் என் தலையில விழுமேன்னு பயம் வந்துடுச்சு."

"ஒரு தட்டுக்காகவா?" என்றாள் டெனீஸ். அவள் குரல் உயரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "நாளைக்கு அந்தம்மா கேப்பாங்க ரோலண்ட். 'உங்க வீட்டுக்காரர் தப்பு பண்ணா ஒத்துக்குவாரா'ன்னு. போன தடவ கூட கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். நாளைக்கு என்ன சொல்லட்டும்?"

நான்கூட ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

"நீங்க தட்டை விடவே இல்ல," என்றார் ஹெஸ்டர் மெதுவாக. "குண்டு நேரா ஓட்டைக்குத்தான் போச்சு. நடுவுல டச்சஸ் வந்தா. அதனால குண்டு உங்க வேலியத் தாண்டல. அவதான் அடிபட்டபடியே தாண்டினா. சட்டப்படி இதுல குத்தம் இல்ல."

"தட்டையே விட்டிருக்கலாம்," என்றார் ரோலண்ட். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

வேலியோரம் ஹோரஸ் மூக்கை உறிஞ்சினார். அழுவதை மறைக்க அவர் முயற்சிகூடச் செய்யவில்லை. "அந்தக் கன்ன நான்தான் எடுத்தேன்," என்றார். "சந்துல நின்னு காத தீட்டிக்கிட்டு எடுத்தேன். பழசு பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருந்துச்சு. கத்தட்டும்னு விட்டிருக்கணும்."

ஒரு புறா அவர் ஷூவைக் கொத்தியது. அவர் குனிந்து, கூண்டுக்குப் பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு கை தீனி போட்டார். பிறகு கோட்டைக் கழற்றி வேலியின் மேல் போட்டார்.

"டெனீஸ், அந்த தத்து ஆபீஸ் அம்மா நாளைக்கு எத்தன மணிக்கு வராங்க?" என்று கேட்டார் ஹோரஸ்.

"பத்துக்கு," என்றாள் டெனீஸ் சந்தேகமாக. "எதுக்கு?"

"நானும் வரேன். மொதல்ல ரோலண்ட் தன் வாயால பொய்யையும் சேத்து சொல்லணும், ஒண்ணு விடாம. அப்புறம் நான் பேசறேன். இவன் மட்டும் சொன்னா, மாட்டிக்கிட்டதால சொல்றான்னு நெனப்பாங்க."

"நீங்க சொன்னா மட்டும்?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

ஹோரஸ் என்னைப் பார்த்தார்.

"நம்புவாங்கப்பா. செத்தது என் புறா."